எழுத்தும் எந்திரமும் – 14: கொம்பு எந்தப் பக்கம்?

1936இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழில் வாரிங் கணக்கு பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அங்கே விரிவுரையாளராக இருந்த எஸ்.எஸ். பிள்ளை. அந்தக் கணக்கின் ஒரு பகுதியாக, எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்கள் 73க்கு மேற்படாமல் கூட்டிப் பெற்றுவிடலாம் என்று 1940இல் நிறுவியவரும் அவரே. கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பக்கங்களைக் கோத்த கம்பாசிட்டரை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் தோளில் சிறு எண், அடியில் இன்னும் சிறிய எண், நடுவே பின்னக்கோடு. அத்தனையும் ஈயத்துண்டுகள்; ஒன்று சரிந்தால் கணக்கே வேறு.

அந்தக் கைத்திறன் போய் ஒளியச்சு வந்தபோது மனம் வெதும்பியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத். 1977இல் தன் நூலின் மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்தார், பிடிக்கவில்லை. தானே ஓர் அச்சுக்கோப்பு நிரல் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேடெக் கட்டினார். லேடெக் கட்டளைகளை மனப்பாடம் செய்யத் தயங்குவோருக்காக மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மானிய மாணவர் 1995இல் லிக்ஸ் என்ற எடிட்டரைத் தொடங்கினார். அதில் சமன்பாடு திரையிலேயே சமன்பாடாகத் தெரியும். கட்டளைகள் பின்னால் ஓடும். மூன்றுமே இலவசம், மூலநிரலும் திறந்தது.

ஆனாலும் ஆய்வேட்டை டி.டி.பி. கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாணவர்கள் இன்றும் உண்டு. ஓர் அடுக்குக்குறி தவறினால் மறுபடி கடை, மறுபடி பிரிண்ட். காசைவிடப் பெரிய நஷ்டம் வேறு: சமன்பாட்டின் பொருள் தெரிந்தவர் கை விசைப்பலகையில் இல்லை. அதனால்தான் லிக்ஸை அவரவர் மேசைக் கணினியிலேயே நிறுவிக்கொள்ள வேண்டும் என்று இத்தொடர் வற்புறுத்துகிறது.

நிறுவும் வரிசை முக்கியம். விண்டோஸ் என்றால் முதலில் டெக் தொகுப்பு, பிறகுதான் லிக்ஸ். தொகுப்புகளில் மிக்டெக் சிறிதாகத் தொடங்கி, வேண்டிய பாகத்தை அவ்வப்போது இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். டெக் லைவ் முழுத்தொகுப்பு வட்டில் 7 ஜி.பி.க்கு மேல் பிடிக்கும், ஆனால் பிறகு இணையமே வேண்டாம். இணைப்பு நிச்சயமில்லாத வீட்டுக்கு இதுவே நல்லது. ஒருவர் இறக்கினால் பென் டிரைவில் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், உரிமம் தடுக்காது. வரிசை மாறிப் போனால் ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ரீகான்ஃபிகர்’ கொடுத்து லிக்ஸை மூடித் திறந்தால் போதும். உபுண்டுவில் லிக்ஸைக் கேட்டாலே டெக்கின் அடிப்படைப் பாகங்களும் கூடவே வந்துவிடும்.

இணையம் போலவே மின்சாரமும் நிச்சயமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபின் கடலூர் பல நாள் இருட்டில் கிடந்தது. அந்த மாவட்டத்தில் மின்சாரத்தை நம்பி எழுதுகிறவருக்கு இன்னொரு செய்தி: லிக்ஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு நகலைச் சேமித்து வைக்கும்.

இனி தமிழ். ‘டாக்குமென்ட் செட்டிங்ஸ்’ திறந்து மொழியைத் தமிழாக்க வேண்டும். எழுத்துரு பகுதியில் ‘டெக் அல்லாத எழுத்துரு’ என்ற கட்டத்தில் டிக் செய்து, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தால் வேலை, யூனிகோடு அறிந்த டெக் வடிவமான ஸீடெக் கைக்கு மாறும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு இங்கே செல்லாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

பலரும் மனம் உடைவது அடுத்த இடத்தில். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், அதன்பின் கொம்பு என்றே பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரையும் எந்திரத்தின் வேலை. இது தமிழ் எழுத்துமுறை என்று எழுத்துருவோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் அது கொம்பை நகர்த்தாது; ‘கெடு’ கலைந்து ககரத்துக்குப் பின்னால் கொம்பு தொங்கும். ‘பிரியாம்பிள்’ பெட்டியில் தமிழ் எழுத்துருவின் பெயரையும் ‘ஸ்கிரிப்ட் தமிழ்’ என்ற குறிப்பையும் ஒரே வரியில் எழுதினால் சரியாகிவிடும்.

சோதித்துப் பார்க்கப் பிள்ளையின் கணக்கே போதும். ‘கொடுத்த எண்’ என்று தமிழில் அடித்து, கீழே ஆறாம் அடுக்குகளின் கூட்டலை எழுதி, பி.டி.எஃப். பொத்தானை அழுத்த வேண்டும். கொம்பு ககரத்தின் இடப்பக்கம், சின்ன 6 எழுத்தின் வலத்தோளில் நின்றால் எல்லாம் சரி.

(தொடரும்)