பால் கொடுக்கும் தாய்க்கு மனச்சோர்வு மாத்திரை ஆகுமா?

“பச்சை உடம்புக்காரி இந்த மாத்திரையெல்லாம் போடலாமா? பாலில் இறங்கிக் குழந்தைக்குப் போயிடாதா?” பிரசவமான பெண்ணுக்கு மனநல டாக்டர் மருந்து எழுதினால் வீட்டில் எழும் முதல் கேள்வி இது. அக்கறையில் பிறக்கும் கேள்விதான். ஆனால், பதில் கிடைக்கும் முன்பே சில பெண்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் பாலை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலானோருக்கு இரண்டுமே தேவையில்லை.

மருந்து பாலில் இறங்குவது உண்மை. எவ்வளவு என்பதுதான் விஷயம். தாய் தன் எடைக்கு எவ்வளவு மருந்து எடுக்கிறார், குழந்தை தன் எடைக்குப் பால் வழியாக எவ்வளவு பெறுகிறது என்று ஒப்பிடுவார்கள். குழந்தை பெறுவது தாயின் அளவில் 10 சதவீதத்துக்குக் குறைந்தால் பொதுவாக ஏற்கலாம். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தில் இது 2 சதவீத அளவு அல்லது அதற்கும் கீழே. அதைச் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில், பெரும்பாலும் மருந்து தென்படவே இல்லை. பராக்செடினும் ஏறக்குறைய அப்படித்தான். ஃப்ளூவாக்செடின் உடம்பில் நெடுநாள் தங்கும் என்பதால், பச்சிளம் குழந்தையின் தாய்க்கு அதைப் புதிதாகத் தொடங்க டாக்டர்கள் யோசிப்பார்கள். டாக்செபின் என்ற பழைய மருந்து வேண்டவே வேண்டாம். பால் வழியே அதைப் பெற்ற குழந்தைக்கு மூச்சு மந்தமானதாகப் பதிவு உண்டு.

ஏற்கெனவே ஒரு மருந்தில் தேறியவருக்கு, பால் கொடுக்கிறார் என்பதற்காக மட்டும் அதை மாற்றுவது பெரும்பாலும் நல்லதல்ல. கர்ப்பத்தில் அதையே சாப்பிட்டிருந்தால், வயிற்றில் இருந்தபோது குழந்தைக்குப் போனதைவிடப் பாலில் போவது மிகக் குறைவு.

மருந்தின் ஆபத்தைக் கணக்கிடும் நாம் நோயின் ஆபத்தை மறந்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-ல் வந்த தொகுப்பாய்வின்படி, இந்தியாவில் பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் தாய்க்குத் தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, குழந்தையைத் தொடவே மனம் வராது. தற்கொலை எண்ணம் வரை போவதும் உண்டு. “பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி இதைக் கடத்துவது கொடுமை.

குறைமாதக் குழந்தை என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். எந்தக் குழந்தையாக இருந்தாலும் அதிகத் தூக்கம், பால் குடிக்க மறுப்பது, ஓயாத அழுகை, எடை ஏறாமை தெரிந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். தாய் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லுங்கள். தாய்க்கு முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அதீத உற்சாகம் வந்திருந்தால், அதை மனநல டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அவருக்கு மருந்தே வேறாகலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். டாக்டரைப் பார்க்கும் வரை பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் இருந்தாலோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று தாய் பயந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.