பட்டு நூலுக்குள் பன்றி நொதி

பட்டின் மேல் சந்தேகம் வந்தால் காஞ்சிபுரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். பாலியெஸ்டர் உருகிக் கட்டிதட்டும். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு சாம்பலாகப் பொடியும். புடவை வாங்குபவருக்கு இது போதும். ஆனால் கம்பளியும் புரதம்தான், அதுவும் இதே நாற்றத்தோடு எரியும். மல்பெரிப் பட்டா, டசர்ப் பட்டா என்பதையும் நெருப்பு சொல்லாது. அதற்கு நூலின் புரதத்தையே படிக்கும் கருவி வேண்டும்: நிறை நிறமாலைமானி, ஆய்வகப் பேச்சில் மாஸ் ஸ்பெக். (இழை எந்தப் பூச்சியுடையது என்பதைத்தான் அது சொல்லும். காஞ்சிப் பட்டா என்பதைச் சொல்லாது. நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருவது, காஞ்சியின் அடையாளம் கரையை உடலோடு பிணைக்கும் கோர்வை நெசவில் இருக்கிறது.) காஞ்சியை அடுத்த ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கும் ஒரு மாணவருக்குப் பட்டைவிடப் பக்கத்தில் வேறொரு புரத மாதிரி கிடைக்காது. அதே பட்டுதான், கருவி தரும் பட்டியலை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கும் நல்ல சான்று.

முழுப் புரதத்தை அப்படியே படிப்பது கடினம். அதனால் முதலில் டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்து அதைச் சிறு பெப்டைடுகளாக வெட்டுகிறார்கள். கருவி ஒவ்வொரு துண்டின் நிறையையும் அளந்து, அதை மேலும் உடைத்து, உடைந்தவற்றின் நிறையையும் குறித்துக்கொள்கிறது. பிறகு கணினி, தன்னிடமுள்ள புரதப் பட்டியலில் எது இதற்குப் பொருந்துகிறது என்று தேடுகிறது. சிக்கல் என்னவென்றால், வெட்டும் நொதியும் ஒரு புரதம். பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் அது தன்னைத்தானேயும் வெட்டிக்கொள்ளும். அப்படி விழும் துண்டுகளில் 842.51, 2211.10 என்ற இரண்டு நிறை அளவுகள் மிகப் பிரபலம். அவற்றை வைத்தே கருவியைச் சரிபார்ப்பவர்களும் உண்டு. கணையத்தில் டிரிப்சினோடு கைமோடிரிப்சினும் இருப்பதால், சரியாகச் சுத்திகரிக்காத நொதி வேண்டாத இடங்களிலும் வெட்டும். இவை போதாதென்று, மாதிரியைத் தொட்டவரின் தோலிலிருந்தும் முடியிலிருந்தும் கெரட்டின் வேறு வந்து சேரும்.

பட்டில் இந்தத் தொல்லை இருமடங்கு. டிரிப்சின், லைசினுக்கும் அர்ஜினினுக்கும் அடுத்த இடத்தில் மட்டுமே வெட்டும். மல்பெரிப் பட்டின் முதன்மைப் புரதமான ஃபைப்ரோயின் கனச்சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள். அவற்றில் சுமார் 88 விழுக்காடு கிளைசின், அலனின், செரின் ஆகிய மூன்றுமே. வெட்டுவதற்கு இடம் அபூர்வம். எனவே பட்டு தரும் துண்டுகள் குறைவாகவும், நொதி தரும் துண்டுகள் ஒப்பீட்டில் தூக்கலாகவும் தெரியும். டைரோசினை அடுத்து வெட்டும் கைமோடிரிப்சினைத் தெரிந்தே பயன்படுத்தினால் பட்டு இன்னும் நன்றாக உடையும். ஆனால் அதுவும் கணைய நொதிதான், அதுவும் தன்னை வெட்டிக்கொள்ளும்.

பிழை விகிதத்தை ஒரு விழுக்காட்டுக்குள் மென்பொருளே கட்டுப்படுத்துகிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். அந்தக் கட்டுப்பாடு எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். உண்மைப் புரதப் பட்டியலோடு, அதே வரிசைகளைத் தலைகீழாக்கிய போலிப் பட்டியலையும் சேர்த்துத் தேடுவார்கள். போலியில் எத்தனை பொருந்துகிறதோ அத்தனை தவறுகள் உண்மைப் பட்டியலிலும் இருக்கும் என்பது கணக்கு. தற்செயலான பொருத்தங்களுக்கு இது சரி. நொதித் துண்டோ தற்செயல் அல்ல. தெளிவாக அளக்கப்பட்ட நிஜப் பெப்டைடு. கல்யாணத்துக்கு வந்தவர்களை விருந்தினர் பட்டியலை மட்டும் வைத்து அடையாளம் காண முயன்றால், சமையற்காரரை அவர் சாயலிலுள்ள மாமாவாக எழுதிவிடுவோம். தலைகீழ்ப் பட்டியலில் அந்தச் சாயல் இல்லாததால் புள்ளியியலுக்கு இது தெரியாது. இதற்கு ஓர் உதாரணம்: 2007இல் டைரனோசாரஸ் எலும்பில் கொலாஜன் துண்டுகள் கிடைத்ததாக ‘சயின்ஸ்’ இதழில் அறிவிப்பு வந்தது. 2009இல் அதே தரவை மீண்டும் அலசியவர்கள், தீக்கோழியினுடையதைப் போன்ற ஹீமோகுளோபின் துண்டுகளையும் கண்டார்கள். அந்த ஹீமோகுளோபின் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிழை விகிதம் தீர்த்துவைக்காது.

ஆகவே வழி, சமையற்காரரின் பெயரையும் பட்டியலில் சேர்ப்பதுதான். பன்றி டிரிப்சின், மனிதக் கெரட்டின், ஆய்வகத்தில் புழங்கும் மாட்டு அல்புமின் போன்றவற்றின் வரிசைகள் தொகுக்கப்பட்டு எளிதாகவே கிடைக்கின்றன. பட்டியல் நீண்டால் தேடல் வலுவிழக்காதா என்றால், பட்டுப்புழுவின் பல ஆயிரம் புரதங்களோடு சில நூறு சேர்வதால் பெரிய இழப்பில்லை. லைசின்களில் மெத்தில் ஏற்றிய டிரிப்சின் தன்னை வெட்டிக்கொள்வது குறையும். டிபிசிகே (TPCK) என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பதப்படுத்தினால் கைமோடிரிப்சின் முடங்கும். இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது, பட்டே போடாமல் நொதியை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டும் வெற்று மாதிரி. செலவு குறைவு, சோம்பலால் தவிர்க்கப்படுவதும் இதுவே.

வலுவான மறுப்பு வேறொன்று. மாசுப் பட்டியல்களில் ஆட்டுக் கம்பளியின் கெரட்டினும் இருக்கிறது. பட்டில் கம்பளி கலந்திருக்கிறதா என்று தேடுபவர் அந்தப் பட்டியலில் உள்ளதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால், தேடிய கலப்படத்தையே தூக்கி எறிந்தவராவார். மறுப்பு நியாயமானது. அதனால் நீக்கக்கூடாது, குறியிட்டு வைத்துக்கொண்டு, வெற்று மாதிரியில் வந்த அளவோடு ஒப்பிட வேண்டும். எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. கூட்டைத் துளைத்து வெளிவர அந்துப்பூச்சி சுரக்கும் கொக்கூனேஸும் டிரிப்சின் குடும்பத்து நொதிதான். கூட்டுப்புழுவைக் கொன்று இழுத்த நூலில் அதற்கு வேலையில்லை. பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்ற ‘அகிம்சைப் பட்டில்’ இருக்க வாய்ப்புண்டு. ஒரே ஒரு குட்டைப் பெப்டைடை நம்பி அறிக்கையில் கொக்கூனேஸ் என்று எழுதுபவர், அது வெற்று மாதிரியில் வரவில்லை என்பதையும், அந்த வரிசை பன்றி டிரிப்சினில் இல்லை என்பதையும் முதலில் காட்டியாக வேண்டும்.