‘போதும்’ என்று சொல்வது யார்?

வயிறு நிறைந்ததும் உணவை நிறுத்திக்கொள்வதை மனக்கட்டுப்பாட்டின் விளைவாகவே நாம் கருதிப் பழகியிருக்கின்றோம். உடல் பருத்தவர்களை ‘வாயைக் கட்டத் தெரியாதவர்கள்’ என்று எள்ளி நகையாடுவதும் இந்த எண்ணத்தினாலேயே ஆகும். ஆனால், உடலியல் ஆய்வுகள் வேறொரு கதையையே கூறுகின்றன.

1902 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும், நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்ட சிறுகுடற் பகுதியொன்றினுள் அமிலத்தை இட்டனர். அப்போதும் சதையி தனது சமிபாட்டு நீரைச் சுரந்தது. குருதியின் வழியே இரசாயனத் தூது ஒன்று செல்வது இதனாற் புலனாயிற்று. இத்தகைய தூதுகளுக்கு ‘ஓமோன்’ என்ற பெயரை ஸ்டார்லிங் 1905 இல் அறிமுகப்படுத்தினார். ஓமோனின் பாதை வேறு, நரம்பின் பாதை வேறு என்பது போலத் தோன்றினும், பசியும் நிறைவும் பற்றிய விடயத்தில் இரண்டும் இணைந்தே தொழிற்படுகின்றன என்பது பின்னரே தெளிவாகியது.

இரண்டும் சந்திக்கும் இடம் வேகஸ் நரம்பு. மண்டையோட்டு நரம்புகளுள் பத்தாவதான இது, கழுத்தையும் நெஞ்சையும் கடந்து வயிறு வரை செல்கின்றது. இதன் நார்களில் ஏறத்தாழ 80 சதவீதமானவை மூளையின் கட்டளைகளைக் கீழே கொண்டு செல்பவை அல்ல. உடலின் செய்திகளை மூளைக்கு எடுத்துச் செல்லும் புலன் நார்களாகும்.

கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலை அடைந்ததும், குடற்சுவரிலுள்ள சில கலங்கள் கொலிசிஸ்ரோகைனின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. பித்தப்பையைச் சுருங்கச் செய்வது இதன் ஒரு பணி. அதே வேளையில், வேகஸ் புலன் நரம்புக்கலங்களில் தனக்கென அமைந்த வாங்கிகளுடன் இது பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றது. அதனால் நரம்புக்கல மென்சவ்வின் ஊடான அயன்களின் நகர்வு மாறி, கணத்தாக்கம் பிறக்கின்றது. அது மூளையின் அடிப்பகுதியான நீள்வளைய மையவிழையத்தை அடைந்த பின்னரே ‘போதும்’ என்ற உணர்வுக்கு வழி பிறக்கின்றது.

இதற்குச் சான்றுகள் உண்டு. இந்த ஓமோன் ஏற்றப்பட்ட எலிகள் குறைவாக உண்டதை 1973 இல் ஆய்வாளர் கண்டனர். வயிற்றுக்குச் செல்லும் வேகஸ் நரம்பை வெட்டியபோது அவ்விளைவு அற்றுப்போனதை 1981 இல் வெளியான ஆய்வு காட்டியது. தூது இருந்தது, அதைச் சுமக்கும் தூதுவன் இல்லை.

நோயாளருக்கும் இந்த அறிவு பயன்பட்டுள்ளது. புற்றுநோய் மருந்துகள் சில, குடற்கலங்களிலிருந்து செரட்டோனினை வெளிப்படுத்தி, வேகஸ் நரம்பைத் தூண்டி வாந்தியை உண்டாக்குகின்றன. அந்த வாங்கிகளை மறிக்கும் ஒண்டான்செட்ரோன் போன்ற மருந்துகளால் நோயாளர் பெறும் ஆறுதல் சிறியதன்று.

கொழுப்பு மிகுந்த உணவை நீண்டகாலம் உண்ட எலிகளில், கொலிசிஸ்ரோகைனினுக்கு இந்நரம்பு காட்டும் உணர்திறன் குன்றுவதும் கண்டறியப்பட்டுள்ளது. எலிகளிற் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும், நிறுத்தும்படி கூறும் செய்தியே நலிந்திருக்கக்கூடிய ஒருவரை மனவுறுதி அற்றவர் எனப் பழிப்பது எவ்வகையில் நியாயம்?

குடலின் செய்தி மூளையை அடைந்து நிறைவாக உணரப்படுவதற்குச் சிறிது நேரம் தேவை. ‘ஆறுதலாகச் சாப்பிடு’ என்று எமது வீடுகளில் மூத்தோர் சொல்லி வருவது பொருளற்றதன்று. உடற்பருமனால் வருந்துவோருக்கு ஏளனம் மருந்தாகாது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவ ஆலோசனையும் எமது புரிந்துணர்வுமே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.