‘வழமையான’ உடல் எவருடையது? – இரைப்பைப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையும் நாடிகளும்

மருத்துவ நூல்களிற் காணும் உடற்கூற்றுப் படங்கள் எமக்கு ஓர் உறுதியைத் தருகின்றன. ஈரல் இங்கே, இரைப்பை அங்கே, அவற்றுக்கான நாடிகள் இன்ன வழியே என்று அவை கூறுகின்றன. ஆயின் சத்திரசிகிச்சை மேசையிற் கிடத்தப்படுவது படமல்ல. ஒரு தனி மனிதர்.

மேல் வயிற்றை எடுத்துக்கொள்வோம். பெருநாடியின் முன்புறத்திலிருந்து புறப்படும் குறுகிய தண்டொன்று இடது இரைப்பை நாடி, மண்ணீரல் நாடி, பொது ஈரல் நாடி என மூன்றாகப் பிரிகின்றது. 1756இல் இதனை விவரித்த சுவிஸ் அறிஞரின் பெயரால் இது ‘ஹல்லரின் முக்காலி’ எனப்படும். ஜப்பானில் புன்தாரோ அடாச்சி 252 உடல்களை ஆராய்ந்து, 1928இல் இம்முக்காலியையே 6 வகைகளாகவும் 28 உட்பிரிவுகளாகவும் வகுத்தார். பிலடெல்பியாவில் மிஷெல்ஸ் 200 உடல்களை ஆராய்ந்து, 1966இல் ஈரல் நாடிகளைப் பத்து வகைகளாக்கினார். நூல்கள் கூறும் ‘வழமை’ அவற்றில் 55 சதவீதத்திலேயே இருந்தது. 1994இல் ஹையற் குழுவினர் வெளியிட்ட 1000 தான ஈரல்களின் கணக்கில் அது 757. எக்கணக்கின்படியும் ஏறத்தாழ நால்வரில் ஒருவரேனும் படத்துக்கு வெளியே நிற்கின்றார்.

காரணம் கருப்பையில் உள்ளது. கருவின் ஈரலுக்கு மூன்று வழிகளில் குருதி வருகின்றது. வழக்கமாக நடு வழி நிலைக்க, மற்றையவை மறைகின்றன. மறைய வேண்டியது மறையாதுவிடின், ஈரலின் இடப்பக்கத்துக்கான நாடி இடது இரைப்பை நாடியிலிருந்தோ, வலப்பக்கத்துக்கானது சிறுகுடலுக்குச் செல்லும் மேல் நாடியிலிருந்தோ புறப்படும். இது நோயன்று. இதனை உடையவர் எதுவும் அறியாமலே வாழ்ந்து முடிக்கலாம்.

கத்தி வரும்போதுதான் சிக்கல். இரைப்பைப் புற்றுநோய் நாடிகளை ஒட்டிய நிணநீர்க்கணுக்களுக்குப் பரவுவதால், அவற்றையும் அகற்ற வேண்டியுள்ளது. அதற்காக இடது இரைப்பை நாடியை அதன் அடியிலேயே கட்டி வெட்டுவர். ஹையற் கணக்கின்படி 1000 பேரில் 120 பேருக்கு ஈரலின் இடப்பக்க நாடி இதிலிருந்தே செல்கின்றது. அவர்களில் அடியில் வெட்டினால் அந்நாடியும் போகும். ஈரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ முக்காற் பங்கை வாயினாளம் வழங்குவதால், பலருக்கு இரத்தப் பரிசோதனையில் நொதியங்கள் சில நாட்கள் உயர்வதோடு முடிந்துவிடும். ஆனால் அந்நாடி மேலதிகக் கிளையாக அன்றி ஒரே வழியாக இருந்து, ஈரலும் முன்னரே சிரோசிஸ் நோயால் நலிந்திருப்பின், அப்பகுதி இறந்துபோகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு: நாடியைக் காப்பாற்ற முனைகையில் கணுக்களை விட்டுவிடக்கூடாது. எனவே ஈரலுக்கான கிளைக்கு அப்பால், இரைப்பைக்குச் செல்லும் பகுதியை மட்டும் வெட்டுவதும் உண்டு.

இன்னொரு பொறி: பொது ஈரல் நாடி முழுவதுமே மேல் குடல் நாடியிலிருந்து புறப்படுவது. 1000 பேரில் 15 பேர். சதையியின் மேல் விளிம்பில் நாடியை எதிர்பார்ப்பவரின் கருவி, மெல்லிய சுவருடைய வாயினாளத்தில் நேரே படலாம். லப்பரஸ்கோப் முறையில் விரலால் துடிப்பைத் தொட்டறியவும் இயலாது. ஆகவே, குருதிக்கலன்களைக் காட்டும் சி.ரி. ஸ்கான் படத்தை, புற்றின் பரவலுக்காக மட்டுமன்றி நாடிகளின் வழிக்காகவும் முன்கூட்டியே வாசிக்க வேண்டும்.

‘பிறழ்வு’ என்று இவற்றை அழைப்பது சரிதானா? பெரும்பான்மை என்பது ஒரு கணக்கு, அது விதியாகாது. வேறுபட்ட நாடி எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அது அங்கிருக்காது என்ற முன்முடிவே தீங்கு செய்கின்றது.