மிளகும் தினையும்

நெல்லளக்கும்போது கொத்தைக் குலுக்கி அளப்பாரும் உளர்; குலுக்காது அளப்பாரும் உளர். கொத்தும் ஒன்றே, நெல்லும் ஒன்றே. ஆயினும் கணக்கு வேறுபடும். மனிதர் மண்டையோட்டை இவ்வாறு முகந்தளந்து, அதனால் மக்கட்குலங்களின் உயர்வு தாழ்வை உரைக்கப் புகுந்தார் ஒருவர் இருந்தனர். அவர் கதை இன்றும் அறிஞரிடையே வழக்காடப்படுகின்றது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த சாமுவேல் ஜோர்ஜ் மோற்றன் (1799–1851) என்பார் மருத்துவர். பல தேசத்து நண்பர்க்கும் எழுதி மண்டையோடுகளை வருவித்தார். அவர் இறந்தபோது அத்தொகுதியில் ஏறத்தாழ ஆயிரம் இருந்தன. 1839இல் வெளியிட்ட ‘கிரேனியா அமெரிக்கானா’ என்னும் பெருநூலில், தாம் அளந்த முறையை அவரே விளக்கியுள்ளார். மண்டையோட்டின் துளைகளைப் பஞ்சினால் அடைத்து, உள்ளே வெண்மிளகை நிரப்பி, பின் அம்மிளகை அளவிட்ட குழாயிற் கொட்டிக் கன அங்குலத்தில் கணக்கிடுவது அம்முறை. உருண்டையும் உறுதியும் ஒத்த பருமனும் உடைமையால் மிளகு தேர்ந்தெடுக்கப்பட்டதாம். எனினும் ஒரே ஓட்டை இருமுறை அளந்தால் இருவேறு விடை வரக் கண்டு, பிற்காலத்தில் ஈயக்குண்டுகளுக்கு மாறினார். தம் கருவியின் குறையைத் தாமே உணர்ந்து திருத்தியது பாராட்டத் தக்கதே.

அவர் 1839இல் காட்டிய சராசரிகள் வருமாறு: கோக்கேசியர் 87, மொங்கோலியர் 83, அமெரிக்கப் பழங்குடியினர் 82, மலாயர் 81, எதியோப்பியர் எனப்பட்ட ஆபிரிக்கர் 78. கோக்கேசியர் வரிசைக்கு எடுக்கப்பட்டவை 52 ஓடுகள், ஆபிரிக்கருக்கு 29.

நம் பக்கத்தவர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. இந்தியரையும் மோற்றன் கோக்கேசியரோடே சேர்த்தெண்ணினார். அவரிடம் ‘இந்துக்கள்’ எனக் குறித்த 17 ஓடுகள் இருந்தன. அவற்றின் சராசரி 75. ஆனால் அந்த 52இல் இவற்றுள் மூன்றே இடம்பெற்றன. எல்லாம் புகின் சராசரி இறங்கும் என்பது வெளிப்படை. இதனை அவர் ஒளித்தாரல்லர். நூலிலேயே எழுதி வைத்தார். ஆயினும் சிறு ஓடுடைய பெருநாட்டுப் பழங்குடியினரைப் பழங்குடியினர் வரிசையிற் பெருந்தொகையாகச் சேர்க்க அவர் தயங்கவில்லை.

மோற்றன் நூலுக்கு மூன்றாண்டு முன்னர், 1836இல், ஜெர்மனியின் ஹைடில்பேர்க் நகரத்து உடற்கூற்றறிஞர் பிரெட்ரிக் தீடமன் இவ்வேலையையே செய்தார். அவர் கையாண்டது உலர்ந்த தினை. நிரப்பிய தினையை நிறுத்துக் கணக்கிட்டார். சராசரியை அவர் பெரிதாக எண்ணவில்லை; ஒவ்வொரு குலத்திலும் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என நோக்கினார். ஆபிரிக்கர் அளவுகள் ஐரோப்பியர் அளவுகளின் எல்லைக்குள்ளேயே அடங்கக் கண்டு, இருவர்க்கும் வேற்றுமை இல்லை என முடித்தார். அவர் எண்களுக்குச் சராசரி கண்டால் மோற்றனுடைய வரிசையை ஒத்ததே பெறப்படும் என்பதைப் போல் மிச்செல் என்னும் ஆய்வாளர் 2018இல் எடுத்துக்காட்டினார். எண்கள் ஒத்தன, முடிபுகள் எதிரெதிராயின.

இதற்கிடையே 1978இல் ஸ்ரீபன் ஜே கூல்ட் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க அறிஞர், மோற்றன் தம்மையறியாமலே ஒரு குலத்தார் ஓட்டைக் குலுக்கி அழுத்தியும், மற்றொரு குலத்தார் ஓட்டை அவ்வாறு செய்யாதும் அளந்திருக்கலாம் எனக் கருதினார். நம் கொத்துக் கதையேதான். ஆயின் 2011இல் அறிஞர் அறுவர் அவ்வோடுகளுள் 308ஐ மீண்டும் அளந்து, மோற்றன் அளவுகள் பெரும்பாலும் சரியென்றே கண்டனர். இதனால் மோற்றன் கொள்கையும் மெய்யாயிற்று என மகிழ்ந்தாரும் சிலர் உளர். அது அறியாமை.

நம் அளவை நூலார் காண்டல் வேறு, கருதல் வேறு எனப் பிரித்தது எத்துணைப் பயனுடையது என்பதை மாணாக்கர்க்கு விளக்க இதனினும் நல்ல உதாரணம் எனக்குக் கிட்டியதில்லை. மோற்றனது காண்டலில் வழு சிறிது. வழு நின்றது கருதலில். புகைக்கும் நெருப்புக்கும் உள்ளது போன்ற விடாத தொடர்பு, ஓட்டின் கொள்ளளவுக்கும் அறிவுக்கும் இல்லை. யானையின் மூளை நம் மூளையினும் மும்மடங்குக்கு மேல் எடையுடையது. அதனை எவரும் பேராசிரியர் ஆக்கியதில்லை. ஆண் பெண் வேற்றுமை, உடலின் பருமன், தட்பவெப்பம் ஆகியவை ஓட்டின் அளவை மாற்றும். குளிர்நாட்டார் தலை பொதுவாகப் பெரிதாயிருத்தல் 1984இல் வெளிவந்த ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. இன்னும், உலக மக்களின் மண்டையோட்டு வேற்றுமை முழுவதையும் கூறிட்டால், நிலப்பகுதிகளுக்கிடையே உள்ளது பத்தில் ஒரு பங்கினும் சிறிதே மிகும் என 1994இல் ஜோன் ரெலத்போர்ட் கணக்கிட்டார். எஞ்சியதெல்லாம் ஒரே பகுதியில் வாழ்வார்க்குள் இருப்பது.

கருதல் வழுவினால் வந்த கேடு ஏட்டோடு நிற்கவில்லை. 1854இல் ஜொசையா நொற் என்னும் அலபாமா மருத்துவர் — தாமும் அடிமைகளை உடையவர் — கிளிடன் என்பாரோடு சேர்ந்து ஒரு பெருநூல் வெளியிட்டு, அதனை மோற்றன் நினைவுக்குப் படைத்தார். அடிமைமுறைக்குக் கல்விமுத்திரை குத்திய நூல் அது. அவ்வாண்டிலேயே, அடிமையாய்ப் பிறந்து தப்பியோடி விடுதலை பெற்ற பிரெட்ரிக் டக்ளஸ் ஒகாயோ மாநிலக் கல்லூரி ஒன்றில் உரையாற்றி, மோற்றன் முதலானோர் வாதங்களை மறுத்தார்.

அவ்வோடுகள் யாருடையன என்பதை அளந்தவர் பொருட்படுத்தவில்லை. கியூபாவில் மாண்ட ஆபிரிக்க அடிமைகளுடையவை ஐம்பதுக்கு மேல். பிலடெல்பியாவின் ஏழைக் கறுப்பின மக்களுடையவும் சில. தொகுதி 1966இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட்சாலைக்கு மாற்றப்பட்டது. 2021இல் அச்சாலையார் மன்னிப்புக் கோரினர். 2024 ஜனவரியில் பிலடெல்பியர் பத்தொன்பதின்மர் ஓடுகள் ஈடன் இடுகாட்டில் வைக்கப்பட்டன. அவர் யாரென இன்னும் ஆராயாமல் விரைந்தனர் எனக் குறைகூறினாரும் உண்டு. பின்னொருநாள் வழித்தோன்றல் எவரேனும் அறியப்படின் எடுத்துக்கொடுத்தற்கு ஏதுவாக, அவற்றை மண்ணுட் புதையாது நிலத்தின்மேற் கட்டிய மாடத்தில் வைத்துள்ளனர்.