குற்றவியலும் உளவியலும்: வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. காரணம் என்ன என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். "திருடுகிறவன் புத்தி அப்படி" என்பார் ஒருவர். "விளக்கு எரியவில்லை, காவலர் இல்லை, வண்டிக்குச் சரியான பூட்டும் இல்லை" என்பார் இன்னொருவர். முதலாமவர் ஆளைப் பார்க்கிறார். அடுத்தவர் இடத்தையும் சூழலையும் பார்க்கிறார். உளவியல் முதல் கேள்விக்கு நெருக்கமானது. குற்றவியல் இரண்டாவது கேள்வியை அதிகம் கேட்கும்.

இரண்டையும் சேர்த்துப் பகுதி நேரமாகப் படிக்கலாமா என்று என்னிடம் கேட்டவர் ஒரு முன்னாள் மாணவர். பேரங்காடி ஒன்றில் மறைகாணித் திரைகளின் முன் அவருக்கு இரவுப் பணி. "சார், சிறையில் இருப்பவர்களோடு வேலை செய்யும் உளவியல் நிபுணர் ஆகணும். இந்தப் பட்டம் போதுமா?" என்றார். அதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், இவ்விரண்டு பாடங்களும் ஏன் ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன என்று பார்ப்போம்.

ஆளை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே சாட்சி. இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், குற்றவாளிகள் பிறவியிலேயே வேறுபட்டவர்கள், மண்டை ஓட்டிலும் தாடையிலும் அது தெரியும் என்று வாதிட்டார். சார்ல்ஸ் கோரிங் 3,000க்கும் மேற்பட்ட ஆங்கிலேயக் கைதிகளை அளந்து, மற்றவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, 1913இல் முடிவை வெளியிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் "முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்ற பேச்சு நம் காப்பிக்கடைகளில் இன்னும் ஓயவில்லை.

இப்போது சூழலுக்கு வருவோம். மேற்கு ஜெர்மனியில் தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் உடனடி அபராதம் என்ற விதி 1980இல் வந்தது. உயிரைக் காப்பதற்கான விதி அது. ஆனால், 1980இல் சுமார் 150,000 ஆக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள் 1986இல் ஏறத்தாழ 54,000 ஆகக் குறைந்தன. திருடர்கள் மனம் திருந்திவிட்டார்களா? இல்லை. போகிற போக்கில் வண்டியைக் கிளப்பிச் செல்பவன் கையில் தலைக்கவசத்தோடு அலைவதில்லை. அது இல்லாமல் ஓட்டினால் காவல்துறையின் கண்ணில் உடனே பட்டுவிடுவான். கார்த் திருட்டும் அந்த அளவுக்கு உயரவில்லை. பலர் வேறு வழி தேடவில்லை, விட்டுவிட்டார்கள் என்றே ஆய்வாளர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். வாய்ப்பு இருந்தால்தான் பல குற்றங்கள் நடக்கும் என்பதற்குக் குற்றவியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் சான்று இது.

ஆனால், அதே இருட்டில் அதே வண்டியைக் கடந்து போகும் பத்துப் பேரில் ஒருவன் மட்டும் ஏன் கைவைக்கிறான்? அதைப் பார்த்தவர் சொல்லும் சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது? இங்கே உளவியல் வேண்டும். எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட சோதனையை நீங்கள் வீட்டிலேயே சிறிய அளவில் செய்து பார்க்கலாம். கார் விபத்துக் காணொளிகளை 45 மாணவர்களுக்குக் காட்டினார்கள். கார்கள் எவ்வளவு வேகத்தில் போயின என்பதுதான் கேள்வி. ஆனால் வினைச்சொல்லை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்ற பொருளில் கேட்டவர்களுக்குக் கிடைத்த சராசரி மணிக்கு 40.5 மைல், "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டவர்களுக்கு 31.8 மைல். அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றனர். மிதமான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை! விசாரணை அறையில் ஒரு சொல் ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடலாம் என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

சரி, படிப்பு எப்படி இருக்கும்? 1969இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் குற்றவியலையும் உளவியலையும் இணைத்த இளங்கலைப் பட்டத்தை வழங்கிவருகிறது. அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது சுமார் 10 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 60 கிரெடிட் எடுத்தால் ஆறு ஆண்டுகள் ஆகும். அதாவது ஆண்டுக்கு 600 மணி நேரம். பாடங்கள் நடக்கும் எட்டு, ஒன்பது மாதங்களுக்கு அதைப் பிரித்தால் வாரத்துக்கு 16 முதல் 18 மணி நேரம் வரும். இரவுப் பணி பார்ப்பவர் இந்த எண்ணைத் தாளில் எழுதி, தம் வார அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: துப்பறியும் தொடர்களை நினைத்துக்கொண்டு வருபவர்கள் புள்ளியியலில் தடுக்கி விழுவார்கள். சோதனை வடிவமைப்பு, புள்ளியியல், நீண்ட கட்டுரைகள் ஆகியவைதான் பெரும்பகுதி. காவல்துறையின் எண்ணிக்கை என்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல, பதிவானவற்றின் எண்ணிக்கை மட்டுமே என்பதை ஒருவர் முதல் ஆண்டிலேயே புரிந்துகொண்டால், நாளிதழ் படிக்கும் விதமே மாறிவிடும்.

இனி அந்த மாணவரின் கேள்வி. போதாது. பிரிட்டனில் தடயவியல் உளவியலாளர் என்ற பெயரைச் சட்டம் பாதுகாக்கிறது. பதிவு பெற்றவரே அதைப் பயன்படுத்தலாம். பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரித்த பட்டம், அதன் மேல் முதுகலை, பிறகு மேற்பார்வையில் பயிற்சி என்பதே வழக்கமான பாதை. உளவியலில் பாதியும் வேறொரு பாடத்தில் பாதியுமாக அமைந்த இணைப்புப் பட்டங்கள் எல்லாவற்றுக்கும் அந்த அங்கீகாரம் இருப்பதில்லை. மலேசியாவிலும் மருத்துவ உளவியலாளர் பணி 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கும் முதுகலைப் படிப்பு வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், "இந்தப் பட்டத்தை வைத்து எந்த முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம்?" என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி ஆறு ஆண்டுகளைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது. அதே சமயம் பாதுகாப்பு, சிறை, நன்னடத்தை, சமூகநலப் பணிகளில் ஏற்கெனவே இருப்பவருக்கு இந்த இணைப்பு நன்றாகவே உதவும். பார்க்கும் வேலையையே வேறு கண்ணோடு பார்க்கலாம்.

அவர் உடனே பட்டத்தில் சேரவில்லை. முதலில் 30 கிரெடிட் கொண்ட ஒரே ஒரு பாடம். வாரத்துக்கு எட்டு, ஒன்பது மணி நேரம். சென்ற வாரம் அவரிடமிருந்து வந்த கேள்வி கொலையைப் பற்றியதோ திருட்டைப் பற்றியதோ அல்ல. திட்ட விலக்கம் கணக்கிடும்போது ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று கேட்டிருந்தார்.