சாக்லேட் ஆலை பக்கத்தில்... கோகோ மரம் எங்கே?

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் ஆந்திர எல்லை. தடா அருகே ஸ்ரீசிட்டியில், கேட்பரி சாக்லேட் தயாரிக்கும் மாண்டலீஸ் ஆலை 2016 முதல் இயங்குகிறது. சரி, பக்கத்திலேயே கோகோ தோட்டமும் இருக்குமா என்று தேடிப் போனால் ஏமாற்றம்தான். கோகோவுக்கு நிழல் வேண்டும், ஆண்டு முழுக்க ஈரம் வேண்டும். தமிழ்நாட்டில் அது பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது.

இந்தியாவில் இதை வணிகப் பயிராகப் பரப்பியதில் கேட்பரிக்கே பெரிய பங்கு உண்டு. 1965-ல் வயநாட்டில் தொடங்கினார்கள். ஆனாலும் நம் சாக்லேட் நிறுவனங்கள் இன்றும் கணிசமான கோகோவை இறக்குமதிதான் செய்கின்றன.

தன் மகரந்தமே ஆகாது!

கோகோ பூ கிளை நுனியில் பூக்காது; தண்டிலேயே ஒட்டிக்கொண்டு பூக்கும். கொசுவைவிடச் சிறிய பூச்சிகள்தான் மகரந்தத்தைக் கொண்டுபோகும். 100 பூக்களில் 5 காயானாலே பெரிய விஷயம்.

இதில் இன்னொரு சிக்கல். பல கோகோ மரங்களில் சொந்த மகரந்தத்தால் காய் பிடிக்காது. ஒட்டுக்கன்று என்பது தாய் மரத்தின் நகல். அப்படிப்பட்ட ஒரே ரகத்தைத் தோப்பு முழுக்க நட்டால்? பூ இருக்கும், காய் இருக்காது. அதனால்தான் பல ரகங்களைக் கலந்து நடச் சொல்கிறார்கள்.

திருச்சூர் வெள்ளானிக்கராவில் கேரள வேளாண் பல்கலைக்கழகமும் கேட்பரியும் 1987-ல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம், இந்தக் குறையையே சாதகமாக்கியது. ஒன்றுக்கொன்று பொருந்தும் ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டுவிட்டால் போதும். கையால் மகரந்தம் சேர்க்க வேண்டாம். விழும் விதையெல்லாம் கலப்பின விதை. செம ஐடியா! 'சி.சி.ஆர்.பி.' என்ற பெயரில் வரும் ரகங்கள் இங்கே உருவானவைதான்.

ருசி பிறப்பது ஆலையில் இல்லை

காயை உடைத்ததும் கிடைக்கும் கொட்டையை அப்படியே வறுத்தால் சாக்லேட் வாசனை வராது. வெள்ளைச் சதையோடு பெட்டியில் போட்டு, இடையிடையே கிளறி, ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். சூடு 50 டிகிரியை நெருங்கும், விதை முளைக்கும் திறனை இழக்கும். வாசனைக்கான அடித்தளம் அப்போதுதான் உருவாகிறது. பிறகு வெயிலில் காய்ச்சல். இங்கே சொதப்பினால், எவ்வளவு பெரிய ஆலையாலும் சரிசெய்ய முடியாது.

ஆலையில் வறுத்து, தோல் நீக்கி, அரைப்பார்கள். அரைத்த கூழில் பாதிக்கும் மேல் கோகோ வெண்ணெய். அது சுமார் 34 டிகிரியில் உருகும். வாயில் வைத்ததும் சாக்லேட் கரைவது இதனால்தான். விலை உயர்ந்த இந்த வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தவையும் கடையில் நிறைய. பின்பக்க லேபிளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

விலை ரோலர் கோஸ்டர்

மேற்கு ஆப்பிரிக்காவில் மழையும் நோயும் விளைச்சலைக் கெடுக்க, 2024 டிசம்பரில் சர்வதேச விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. கேரளத்தில் காய்ந்த கொட்டை அந்த ஆண்டே கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது. 2025 இறுதியில் சர்வதேச விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

நட்ட கன்று காய்க்க சுமார் மூன்று ஆண்டு ஆகும். 2024 விலையைப் பார்த்து நட்டவர்கள் முதல் காயைப் பறிப்பது 2027 வாக்கில்தான்.